சர்வீஸ் வேகம் கைப்பிடியிலா இருக்கிறது? டென்னிஸ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஹேண்ட் கிரிப்பரை (கைக்குள் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கருவி) தினமும் 200 முறை அழுத்துகிறேன். இரண்டு மாதமாகியும் சர்வீஸ் வேகம் ஏறவே இல்லையே?

பதில்: ஏறாது தம்பி. வேகம் கையில் பிறப்பதில்லை. முழங்காலை மடக்கித் தரையை உதைக்கும்போது பிறந்து, இடுப்பு, முதுகு என்று ஏறி, தோள் உள்பக்கமாகச் சுழலும்போது மட்டைக்குப் போகிறது. விரல்கள் அந்த வரிசையில் கடைசி ஆள். மட்டையில் பந்து படுவதே சுமார் 5 மில்லி விநாடிதான். அந்த நேரத்தில் இறுக்கிப் பிடித்து என்ன செய்துவிட முடியும்? கிரிப்பரைக் குறைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மெடிசின் பால் என்ற கனமான பயிற்சிப் பந்தை எறியுங்கள்.

கேள்வி: பிடி வலு கூடியவர்களின் சர்வீஸ் வேகமாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றனவே, சார்?

பதில்: சொல்கின்றன, அதுவும் வளரும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் நிறைய. ஆனால் 13 வயதுப் பையனையும் 16 வயதுப் பையனையும் நிற்க வைத்து, பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டரை அழுத்தச் சொன்னால் பெரும்பாலும் பெரியவன்தான் ஜெயிப்பான். சர்வீஸிலும் அவன்தான். உயரம், எடை, தசை எல்லாம் சேர்ந்து வளர்ந்திருக்கின்றனவே. பிடி வலு மொத்த உடம்பின் வலுவைக் காட்டுகிற அளவு, அவ்வளவுதான். பாதரசம் ஏறுவதால் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. உயரத்தின் பங்கைப் பாருங்கள்: நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் 2016-ல் மணிக்கு 253 கி.மீ. வேகத்தில் அடித்த ஜான் இஸ்னரின் உயரம் 208 செ.மீ. அதே போட்டியில் 2011-ல் 251 அடித்த கார்லோவிச் 211 செ.மீ. உயரம் குறைந்தவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். 2004-ல் 249 தொட்ட ஆன்டி ராடிக்குக்கு 188 செ.மீ.தான்.

கேள்வி: அப்படியானால் கை வலுவே வேண்டாமா?

பதில்: வேண்டும், ஆனால் இறுக்குவதற்கு அல்ல, தளர்த்துவதற்கு! ஈரத் துண்டை உதறிப் பாருங்கள். மணிக்கட்டை விறைத்துக்கொண்டால் நுனி சொடுக்காது. கை வலு இல்லாதவருக்கு மட்டை நழுவிவிடுமோ என்ற பயம் இருக்கும். அதனால் பந்தைத் தூக்கிப் போடும் முன்பே கெட்டியாகப் பிடித்துவிடுவார். முன்கை இறுகும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும்.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். சர்வீஸுக்கு முன் பந்தைத் தரையில் தட்டும்போதே விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். "நான் இரண்டு விரலால் இழுத்தால் மட்டை என் கையோடு வந்துவிட வேண்டும், அப்படிப் பிடி" என்றேன். முதல் மூன்று பந்து பின் வேலிக்குப் போயின. நான்காவதில் சத்தமே மாறிவிட்டது. அவளுக்கு அப்புறம் நான் கொடுத்த கைப் பயிற்சி, கம்பியில் துண்டைப் போட்டுத் தொங்குவதும் இரண்டு கையிலும் எடை தூக்கி நடப்பதும்தான். கை வலுத்தால் மூன்றாவது செட்டிலும் தளர்வாகவே பிடிக்கலாம். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் கைக்குள் திருகுவதும் குறையும்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. மட்டையின் கைப்பிடி அளவை எப்படிப் பார்ப்பது?

பதில்: ஆடுகிற கையால் மட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள், அம்மா. மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கைப்பிடி சிறிது. ஓவர்கிரிப் என்ற மெல்லிய நாடாவைச் சுற்றிச் சரிசெய்யலாம். விரலைச் சுற்றி இடம் இருந்தால் பெரிது. "வளர்ந்துவிடுவாள்" என்று சட்டை வாங்குகிற மாதிரி மட்டை வாங்காதீர்கள்.

கேள்வி: மொபைல் செயலியில் என் சர்வீஸ் 210 கி.மீ. காட்டுகிறது!

பதில்: ஆஸ்திரேலிய வீரர் சாம் குரோத் 2012-ல் தென்கொரியாவின் பூசானில் அடித்த 263-ஐயே, ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு தன் சாதனைக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்களுடையதை நானும் சேர்க்கவில்லை.

கேள்வி: கிரிப்பர் அழுத்த ஆரம்பித்ததிலிருந்து முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. காபி டம்ளரைத் தூக்கினாலே சுருக்கென்கிறது.

பதில்: முதலில் கிரிப்பரை நிறுத்துங்கள். இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன. அவை போய்ச் சேரும் இடம்தான் நீங்கள் சொல்கிற இடம். டென்னிஸ் எல்போவாக இருக்கலாம். 2004-ல் டெண்டுல்கரையே உட்கார வைத்த வலி அது. பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அவர் சொன்ன பிறகு, சின்ன டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். அதுவரை சர்வீஸ் வேண்டாம்.