கீரைப் பாத்தியும் தெருப் பூனைகளும்: மாசி மாதக் கேள்வி–பதில்

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டங்களில் வேலை கூடிவிடுகிறது. வெண்டை, கத்தரி, கொத்தவரை, பீர்க்கன் என்று கோடைக்கான விதைப்பு நடக்கிறது. கீரைப் பாத்திகள் புதிதாக எழும்புகின்றன. பூனைகள் துணை தேடி வேலி தாண்டுவதும், குட்டி ஈன இடம் பார்ப்பதும் இந்த வாரங்களில்தான் மிகுதி. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி இதைப் பற்றியே இருந்ததால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கொல்லையில் பாத்தி கட்டி அரைக்கீரையும் தண்டுக்கீரையும் தூவினேன். ஓரிரு நாளில் பாத்தி முழுவதும் கிளறிக் கிடந்தது. விதைகள் ஒரு மூலையில் குவிந்து முளைத்துவிட்டன. எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. தெருப் பூனைகளும் வந்து போகின்றன. எப்படித் தடுப்பது? (ஒரு வாசகி, மதுரை)

கீரை விதைக்காக நாம் கொத்திப் புழுதியாக்கி, கல் பொறுக்கி, மட்டப்படுத்தி வைக்கும் மண்ணைவிடப் பூனை கழிவதற்குத் தோதான இடம் அந்தக் கொல்லையில் வேறெதுவும் இல்லை. பூனை முன்னங்காலால் குழி பறிக்கும், கழியும், பிறகு சுற்றியுள்ள மண்ணை நாலாபுறமிருந்தும் இழுத்து மூடும். அப்படி இழுக்கும்போது மேல்மண்ணோடு சேர்ந்து விதையும் குவிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் பாத்தியைக் கெடுத்தது எந்தப் பூனை என்று கண்டுபிடிப்பதால் பயன் இல்லை; பொலபொலவென்ற வெற்று மண் கண்ணில் படும்வரை ஒன்றை விரட்டினால் இன்னொன்று வரும்.

விதைத்த அன்றே பாத்தியை மூடிவிடுங்கள். பழைய கோழிவலையைத் தரையோடு தரையாக விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்தினால் போதும். கீரை அந்தக் கண்ணிகளின் வழியாகவே முளைத்து மேலே வரும், பூனைக்கோ கால் ஊன்றிப் பறிக்க முடியாது. வலை இல்லாதவர்கள் தென்னை ஓலையையோ, எலுமிச்சை, கருவேலம் போன்றவற்றின் முள் கிளைகளையோ நெருக்கமாகப் பரப்பலாம். ஓலை போட்டிருந்தால் முளை தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். பூனைகள் பெரும்பாலும் காய்ந்த மண்ணையே விரும்புவதால், மாலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்து இரவில் பாத்தி ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் உதவும். கத்தரி, வெண்டைச் செடிகளைச் சுற்றிக் காய்ந்த சருகு மூடாக்கு இடுங்கள். அது மண்ணின் ஈரத்தையும் காக்கும்.

தடுப்பது பாதி வேலைதான். பூனைக்குக் கழிவதற்கென்று ஓர் இடம் வேண்டும். கொல்லையின் நடமாட்டம் இல்லாத மூலையில், கூரை அல்லது மர நிழலில், மூன்றடிக்கு மூன்றடி ஆற்று மணலைக் கொட்டி வையுங்கள். உங்கள் பூனையின் கழிவைச் சிறிது எடுத்து அதில் புதைத்தால், மணம் பிடித்து அங்கேயே போகப் பழகும். தெருப் பூனைகளும் நாளடைவில் அந்த மணலுக்கே போகும். அன்றாடம் அள்ளி ஆழக் குழியில் புதைக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். அசுத்தமான மணலைப் பூனை ஒதுக்கிவிட்டு மறுபடி உங்கள் கீரைக்கே வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். களை எடுக்கும்போது குப்பைமேனியைப் பிடுங்கிப் பாத்தி ஓரத்திலேயே போட்டுவிடுகிறோம். பூனைவணங்கி என்றும் அழைக்கப்படும் அந்தச் செடியின் வேர் வெளியே தெரிந்தால் பூனைகள் மணம் பிடித்து வந்து, அதில் முகத்தைத் தேய்த்து, கடித்து, புரண்டு எழுந்துதான் போகும். அந்தப் புரளலில் பக்கத்து நாற்றெல்லாம் சாய்ந்துவிடும். பிடுங்கிய குப்பைமேனியை உடனே அப்புறப்படுத்துங்கள். இரண்டு செடிகளை மணல் மூலையின் அருகே விட்டுவைத்தால், அதே ஈர்ப்பு உங்களுக்குத் துணை செய்யும்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் மீன் அமிலம் ஊற்றும் நாட்களில் மட்டும் பூனைகள் வந்து பைகளைக் கவிழ்க்கின்றன. இயற்கை உரத்தையே விட்டுவிட வேண்டுமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

விட வேண்டாம். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்ந்து நொதித்த அந்தக் கரைசல் நன்றாக முதிராமல் இருந்தால் மீன் வாடை தூக்கலாக இருக்கும். பூனை அதைத் தேடித்தான் மண்ணைப் பறிக்கிறது. நன்கு முதிர்ந்ததை மட்டும், லிட்டருக்கு 10 மில்லி என்ற அளவில் நீர்த்து, காலையில் ஊற்றி, மேலே ஓர் அங்குலம் மண்ணோ மட்கோ போட்டு மூடுங்கள். எலும்புத் தூளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூனையோ நாயோ வரும் தோட்டத்தில் ஆமணக்குப் புண்ணாக்கை இடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அதன் வாடையோ விலங்குகளை ஈர்க்கிறது. வேப்பம் புண்ணாக்கு இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

கேள்வி: அந்துருண்டையும் மிளகாய்ப் பொடியும் போட்டால் பூனை வராது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

செய்யக் கூடாது. நாப்தலீன் கலந்த அந்துருண்டை பூனைக்கு மட்டுமல்லாமல், அதை மிட்டாய் என்று எடுத்து வாயில் வைக்கும் குழந்தைக்கும் நஞ்சு. மிளகாய்ப் பொடி பூனையின் பாதத்தில் ஒட்டி, அது முகம் கழுவும்போது கண்ணுக்குள் போய் எரியும். அந்த வேதனையால் எந்தப் பாத்தியும் காப்பாற்றப்படுவதில்லை. நாய் உண்ணிக்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்துகளையும் பூனை மேலோ, அது படுக்கும் இடத்திலோ தெளிக்காதீர்கள். நாயின் உடல் தாங்கும் அந்த மருந்தைப் பூனையின் உடல் தாங்காது, வலிப்பு வந்து இறந்துபோகலாம். அக்கம்பக்கத்தில் யாரேனும் விஷம் வைப்பதாகப் பேசினால், விலங்கை நஞ்சிட்டுக் கொல்வது நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவர்களிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவெல்லாம் பூனைகள் குழந்தை அழுவதுபோல் கத்துகின்றன. போன ஆண்டு ஒரு தெருப் பூனை எங்கள் விறகுக் கொட்டகையில் குட்டி போட்டது. இந்த ஆண்டும் வயிறு பெருத்திருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பகற்பொழுது நீளத் தொடங்கும்போது பெண் பூனைகளின் சினைப்பருவம் தூண்டப்படுகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் முற்றிலும் நின்று வசந்தத்தில் மீளும் இந்தச் சுழற்சி, நம் ஊரில் ஆண்டின் எந்த மாதத்திலும் நிகழக்கூடும். ஆண் பூனையோடு சேராத பெண் பூனை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் கத்தும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். மாசியில் சினையானது சித்திரை வெயிலில் குட்டி போடும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த சினைக்கு ஆயத்தமாகிவிடும், அந்தக் குட்டிகளில் பெண்ணாக இருப்பவை நான்கைந்து மாதத்திலேயே பருவமடையக்கூடும் என்பதால்தான் ஒரு பூனை ஒரே ஆண்டில் ஒரு கூட்டமாகிவிடுகிறது.

உங்கள் பூனைக்கு இப்போது வேண்டியது நிழல், தண்ணீர், தொந்தரவில்லாத ஒரு மூலை. ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டியில் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டுக் கொட்டகையிலேயே வையுங்கள். குட்டிகளை எடுத்துப் பார்க்காதீர்கள். மனித நடமாட்டம் மிகுந்தால் தாய் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்துத் தோலைக் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும், அந்த இடம் வெயில் காயும் மொட்டை மாடியாகவும் இருக்கலாம். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வேகவைத்து முள் நீக்கிய மீனும், கொழுப்பில்லாத கோழியும், எப்போதும் நிரம்பிய தண்ணீர்க் கிண்ணமும்தான் பாலூட்டும் தாய்க்கு உதவும். வெறும் தயிர்சாதத்தில் பூனை நலமாக வாழ முடியாது, அதன் உடலுக்கு இறைச்சியிலிருந்து மட்டுமே கிடைக்கும் சத்துகள் தேவை.

குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ நாள் கேட்டுக்கொள்ளலாம். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியையும் அன்றே போடச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த நோய் பூனை வழியாகவும் வரும். தெருவில் சோறு வைக்கும் நான்கு வீட்டாரும் சேர்ந்து இந்தச் செலவைப் பகிர்ந்துகொள்வது நியாயமானது. சோறு வைப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: மருமகள் நான்கு மாதக் கர்ப்பமாக இருக்கிறாள். தோட்ட வேலை செய்யக் கூடாது, வீட்டுப் பூனையை வெளியே விட்டுவிட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். (ஒரு வாசகி, சேலம்)

அவர்கள் அஞ்சுவது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியை. அது கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பது உண்மை. ஆனால் தொற்றிய பூனை அதன் முட்டைகளைக் கழிவில் வெளியேற்றுவது பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான். வெளிவந்த முட்டை நோயுண்டாக்கும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாளாகும். ஆகவே மணல் தட்டை அன்றாடம் சுத்தம் செய்தால், அதையும் வீட்டில் வேறொருவர் செய்தால், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையால் வரும் அபாயம் மிகக் குறைவு. தோட்டத்து மண்தான் கூடுதல் கவனத்துக்குரியது. அந்த முட்டைகள் ஈர மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். மருமகள் மண்ணைத் தொடும்போது கையுறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டு நன்கு கழுவட்டும். சமைத்த கீரையில் அச்சமில்லை. பச்சையாக அரைக்கும் புதினா, கொத்தமல்லிச் சட்னியிலும் வெங்காயப் பச்சடியிலும்தான் எச்சரிக்கை வேண்டும், பலமுறை ஓடும் நீரில் அலசுங்கள். இறைச்சியை முழுமையாக வேகவையுங்கள். பூனையை வெளியேற்றத் தேவையில்லை. ஐயம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கேள்வி: மணி பிளாண்ட் இலையைக் கடித்த பூனைக்கு எச்சில் வழிந்தது. வேறு எந்தச் செடிகள் ஆபத்தானவை? (ஒரு வாசகர், கோத்தகிரி)

மணி பிளாண்ட் வாயை எரிக்கும், வீங்கச் செய்யும். பெரும்பாலும் தானே தணிந்துவிடும். உங்கள் மலைப்பகுதியில் வளர்க்கப்படும் லில்லி மலர்கள் அப்படியல்ல. அவற்றின் மகரந்தம் உடலில் பட்டு அதை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அறிகுறிக்குக் காத்திராமல் அந்த மணிநேரத்திலேயே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அரளி, செங்காந்தள், ஈச்சைபோல் தோன்றும் அழகுச்செடியான சைகஸ் ஆகியவையும் உயிர்க்கொல்லிகள். எந்த நிலையிலும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். கடிப்பதற்கென்று ஒரு தொட்டியில் அருகம்புல் வளர்த்து வைத்தால் மற்றச் செடிகளை நாடுவது குறையும்.

கேள்வி: எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது, இடுப்பளவு உயரம்தான். எங்கள் பூனை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. (ஒரு வாசகி, நாகர்கோவில்)

இலையின் இரு ஓரங்களையும் அலகால் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பை போலாக்கிய அந்தக் கூட்டில் அடைகாக்க ஏறக்குறைய பன்னிரண்டு நாளும், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரமும் ஆகும். அந்த நாலு வாரம் விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் முதல் இரண்டு நாள் அவற்றுக்குச் சரியாகப் பறக்கத் தெரியாது என்பதால் அப்போது முழுநாளும் அடைத்துவைப்பது நல்லது. செடியின் அடித்தண்டைச் சுற்றி முள் கிளைகளைக் கட்டுங்கள்; கூட்டை அடிக்கடி போய்ப் பார்க்காதீர்கள்.

வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆனால் பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 விழுக்காடும், நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகளுடையது 25 விழுக்காடும் குறைந்தது. ஒரு குச்சியில் கயிறு கட்டி, நுனியில் துணித்துண்டை முடிந்து, மாலையில் பூனை பாய்ந்து பிடிக்கும்படி இழுத்து விளையாடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விட்டு, உடனே உணவு வையுங்கள்.