7 கிலோ பூனை: சாப்பாட்டைப் பாதியாக்கியும் எடை இறங்கவில்லையா?

இதற்கு மேல் குறைக்காதீர்கள். கருத்தடை செய்த 7 கிலோ ஆண் பூனை, மூன்று வாரமாகப் பாதிச் சாப்பாடு, எடை அப்படியே என்கிறீர்கள். மாற்ற வேண்டியது அளக்கும் முறை. கப்பை விட்டுவிட்டு, சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் போடுங்கள். குவித்து அள்ளினால் அதே கப்பில் 20 கிராம் கூட விழும்.

அதன் சரியான எடை 5 கிலோ என்று வைத்தால், இளைக்க ஒரு நாளைக்குச் சுமார் 190 கலோரி போதும். உலர் உணவில் அது ஏறக்குறைய 50 கிராம்தான். பாக்கெட்டில் கலோரி போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைக்காமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

எனக்கு வரும் சந்தேகம் வேறு: வீட்டில் வேறு யாராவது கொடுக்கிறார்களா? எங்கள் வீட்டில் அம்மா மீன் கழுவும்போதெல்லாம் காலடியில் ஒரு துண்டு விழும். அதை நிறுத்திய பிறகுதான் எங்கள் பூனை இளைத்தது. ஒரு வாரம், வாயில் போவதையெல்லாம் எழுதி வையுங்கள், பால் உட்பட.

எடை பார்க்க, பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். மாதம் 200, 300 கிராம் இறங்கினால் போதும். விலாவைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்பட ஆரம்பிக்கும்.

பட்டினி மட்டும் போடவே கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லையென்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.