ஈகிளிலிருந்து கீகேடுக்கு மாறலாமா?

மின்சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் ஈகிள் மென்பொருளில் வரைந்தவை, கீகேட் போன்ற திறமூல மென்பொருளுக்கு மாறினால் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது, ஈகிளை 2026 ஜூன் 7உடன் நிறுத்துவதாக அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் அறிவித்துவிட்ட நிலையில், மாறித்தான் ஆக வேண்டும். 1992இல் பிரான்சைச் சேர்ந்த ஷான்-பியேர் ஷராஸ் தொடங்கிய கீகேட் (பலர் கைகேட் என்றே சொல்கிறார்கள்) ஈகிள் கோப்புகளை நேரடியாக இறக்குமதி செய்யும். ஈகிளின் இலவசப் பதிப்பு 2 அடுக்குகளோடும் 80 சதுர சென்டிமீட்டரோடும் நின்றுவிட, கீகேடில் 32 செப்பு அடுக்குகள் வரை வரையலாம்.

செர்ன் ஆய்வு நிறுவனத்தின் பங்களிப்பால் வந்த, தடம் (பலகையில் மின்சாரம் பாயும் செப்புக் கோடு) வரையும் கருவியே எனக்கு இதில் மிகவும் பிடித்தது: புதிய தடத்தை இழுக்கும்போது, வழியிலுள்ள பழைய தடங்களும் வயாக்களும் (அடுக்குகளை இணைக்கும் துளைகள்) குறித்த இடைவெளி குறையாமல் தாமே விலகி வழிவிடும். இன்னொரு திறமூல மென்பொருளான லிப்ரேபிசிபி எளிமையானது, சிறு பலகைகளுக்கு ஏற்றது.

இறக்குமதி முடிந்ததும் ‘B’ விசையை அழுத்திச் செப்புப் பரப்புகளை மறுபடி நிரப்பி, வடிவமைப்பு விதிச் சோதனையை (இடைவெளி போன்ற விதிகள் மீறப்பட்டுள்ளனவா என்று மென்பொருளே பார்ப்பது) ஓட்டிப் பிழைகளைத் திருத்துங்கள். பிறகு பலகையைத் தயாரிப்பவருக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளைத் தனியே திறந்து, துளைகள் திண்டுகளின் (பாகங்களைப் பற்றவைக்கும் செப்புப் பகுதிகள்) நடுவில் விழுகின்றனவா என்று பார்த்த பின்பே தயாரிப்புக்கு அனுப்புங்கள்.