சம்பள மென்பொருளில் மாற்றம் செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில், பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) மென்பொருளில் கேட்கும் மாற்றங்களைப் புரோகிராமர் நேரடியாகவே ஏற்றிவிடுவதால் சனிக்கிழமைச் சம்பளம் பிசகுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேட்டவர், காரணம், ஒப்புதல் அளித்தவர் ஆகிய விவரங்களோடு ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்டுப் பதிவு செய்யுங்கள். எழுதியவரே சோதித்து, அவரே ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள். சென்ற வாரக் கணக்கின் நகலைச் சோதனைச் சர்வரில் ஓட்டி, உதாரணமாக ஓவர்லாக் (துணியின் ஓரம் தைக்கும்) டெய்லரின் கூலியில் மாறவேண்டியது மட்டுமே மாறி, மற்றவை பைசா பிசகாமல் இருக்கின்றனவா எனக் கணக்காளர் சரிபார்த்து ஒப்பமிட்ட பின்னரே, சோதித்த அதே பதிப்பை, சம்பளம் பட்டுவாடா முடிந்த ஞாயிறன்று எல்லாக் கணினிகளிலும் ஏற்ற வேண்டும். 2012இல் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றாமல் விட்டதால், அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.