நிலப் போராட்டத்தைப் படமாக்க முன் எந்த ஆவணப்படத்தைப் பார்க்கலாம்?

முல்லைத்தீவுக் காணிப் போராட்டங்களைப் படமாக்க நினைக்கும் பொடியளுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அலனிஸ் ஒபோம்சாவின் என்ற கனடியப் பெண் இயக்குநர் 1993இல் எடுத்த ‘கனேசதாகே: 270 வருட எதிர்ப்பு’தான். கனடாவின் ஓகாவில் 9 குழி கோல்ஃப் மைதானத்தை 18 ஆக்க (விளையாட்டுக்கு, பாருங்கள்!) மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் பைன் காட்டிலும் இடுகாட்டிலும் கைவைக்கப் போய்த்தான் 1990இல் 78 நாள் மோதல் வந்தது. அபெனாகி என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தவரான ஒபோம்சாவின், இராணுவம் சுற்றிவளைத்த பிறகும் உள்ளேயே கமராவோடு தங்கினார். அதனால் முள்ளுக்கம்பிக்கு அப்பால் நிற்கும் சிப்பாயை, அடைபட்டவர் பார்க்கிற மாதிரியே நாமும் பார்க்கிறோம்.

2017இல் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவில், படையினர் பிடித்துவைத்திருந்த தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு முகாம் வாசலில் இரவுபகலாக இருந்த சனத்தைப் பற்றிப் படம் எடுப்பதென்றாலும், கமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். அப்புறம், படம் கிட்டத்தட்ட 2 மணித்தியாலம். நடுவில் தேத்தண்ணிக்கு நிறுத்துங்கள்.