2ஜி12 சி வகை எச்.ஐ.வி.யைத் தடுக்காதது ஏன்?

எச்.ஐ.வி.யின் பி வகையைத் தடுத்த 2ஜி12 என்ற ஆன்டிபாடி (வைரஸைப் பற்றித் தடுக்கும் புரதம்) சி வகையைத் தடுக்கவில்லை, கெட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். கெட்டுப்போகவில்லை. 2ஜி12 சி வகையை விட்டுவிடுவது வழக்கம்தான்.

அது பற்றுவது வைரஸின் உறையிலுள்ள ஜிபி120 புரதத்தின் மேல் நெருங்கி நிற்கும் மேனோஸ் சர்க்கரைக் கிளைகளை. அவற்றில் புரதச் சங்கிலியின் 295ஆம் இடத்துக் கிளை பெரும்பாலான சி வகை வைரஸ்களில் கிடையாது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை என்பதால் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம்.

உங்கள் வைரஸின் உறை மரபணு வரிசையை எச்எக்ஸ்பி2 என்ற ஒப்பீட்டு வைரஸின் எண்ணுக்குப் பொருத்திப் பாருங்கள். சர்க்கரைக் கிளை ஏற, 295இல் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 297இல் ஸெரீனோ திரியோனினோ வேண்டும். நடுவில் புரோலின் இருந்தால் சர்க்கரை ஏறாது. அதே சோதனைத் தட்டில் ஒப்பிட விஆர்சி01 என்ற வேறொரு ஆன்டிபாடியையும் சேருங்கள். அது மனித செல்லின் சிடி4 ஏற்பியோடு வைரஸ் பிணையும் இடத்தைப் பிடிப்பது, சி வகையிலும் பலவற்றைத் தடுக்கும்.

295ஐ மட்டும் திருத்தினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். 332, 339, 392 கிளைகளையும் பார்க்க வேண்டும்.