காலையில் காது ஆபரேஷன், மாலையில் வீடு: போகலாமா?

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் காதில் குழாய் வைத்துவிட்டு அன்றே அனுப்பிவிடுவார்களாம். பயமாக இருக்கிறது. (பாலக்கோடு)

பயம் வேண்டாம்மா. கிரோமெட் எனும் அந்தக் குழாய் அரிசிமணியைவிடச் சிறியது. காது ஜவ்வில் சின்னக் கீறல் போட்டு, தேங்கிய நீரை உறிஞ்சிவிட்டுச் செருக 10, 15 நிமிடம்தான். மயக்கம் தெளிந்து, தண்ணீர் குடித்து, தள்ளாடாமல் நடந்தால் கிளம்பலாம்.

கேள்வி: மகளுக்கு 10 வயது. கிருஷ்ணகிரியில் ஜவ்வு ஒட்டும் ஆபரேஷன். அன்றே அஞ்செட்டி திரும்பலாமா?

காதைப் பொறுத்தவரை பெரும்பாலும் திரும்பலாம். எனக்குக் கவலை உங்கள் ரோடுதான். உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு நடுக்காதை ஒட்டியே இருக்கிறது. அதனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் குமட்டும். அந்த நிலையில் மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஏற்றினால் வாந்திதான். முக்கி முக்கி வாந்தி எடுப்பது புதிதாக ஒட்டிய ஜவ்வுக்கு நல்லதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும் தூரம், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் வண்டி, கூட இரண்டு பெரியவர்கள். இந்த மூன்றும் இருந்தால்தான் நான் அனுப்புவேன். டவுனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள்.

கிளம்பும் முன் மகளைச் சிரிக்கச் சொல்வோம், கண்ணை இறுக மூடச் சொல்வோம். விளையாட்டு இல்லை; முகத்தை அசைக்கும் நரம்பு காது வழியாகத்தான் போகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்கத்தான்.

கேள்வி: ஆபரேஷன் அன்று காலையில் பால் மட்டும் கொடுக்கலாமா?

கூடாது. பாலும் சாப்பாட்டுக் கணக்குதான்: 6 மணி நேர இடைவெளி வேண்டும். தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. பேரன் முகம் வாடுவது பொறுக்காமல் ஒரு பாட்டி வராண்டாவில் பிஸ்கட் ஊட்டிவிட்டார். அன்றைய ஆபரேஷன் போச்சு.

கேள்வி: வீட்டில் வலி வந்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெய்?

ஒரு சொட்டுகூட வேண்டாம். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. பஞ்சில் லேசான ரத்தக்கறை சகஜம். பஞ்சு நனைந்து சொட்டினால், வாய் கோணினால், தலை சுற்றினால், வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சல் 101-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 இருக்கிறது.

கேள்வி: 24 மணி நேரம் தங்கினால்தான் இன்சூரன்ஸ் பணமாமே?

அன்றே வீடு திரும்பும் 'டே கேர்' சிகிச்சைக்கு அந்தக் கணக்கு கிடையாது. பாலிசியில் அந்தப் பட்டியலைப் பார்த்து, ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஜவ்வு ஒட்டி இரண்டு வாரம். ஒகேனக்கல்லில் குளிக்கலாமா?

பரிசலில் போகலாம். அருவிப் பக்கம் போகவே கூடாது!